விசிலம்மா வாய் திறக்கவில்லை

என் மருமகள் பார்சல் வண்டி ஓட்டுகிறவள். வருஷம் முழுக்க ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டினாள் என்று அவள் கம்பெனி கொடுத்த பரிசுதான் இந்தத் தீவு. நாலு பேர் போய்த் தங்கிக்கொள்ளலாம். அறை, சாப்பாடு, படகு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நல்ல டிரைவர் என்று பரிசு வாங்கியவள் அவள். ஆனால் வீட்டிலிருந்து படகுத்துறை வரைக்கும் காரை ஓட்டி வந்தது என் வீட்டுக்காரர். ஆயுசு பூராவும் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் உட்கார்ந்திருக்கும்போது, அவர் காரில் இன்னொருவர் ஸ்டியரிங்கைத் தொட முடியுமா? பரிசு விஷயத்தைக் கேள்விப்பட்டதும், "பெட்டி தூக்கறதுக்கெல்லாம் பரிசு குடுக்கறாங்க, பரவால்ல" என்றார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஆமா மாமா. உங்க பஸ்ல எல்லாம் தானா ஏறி உக்காந்துக்கும், தானா இறங்கிப் போயிடும். எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல" என்றாள். எங்கள் வீட்டில் அவர் வாயை அடைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தீவு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தச் சொகுசு ஒட்டவில்லை. படுக்கை விரிக்க ஆள் வருவதற்குள் நானே விரித்து வைத்துவிடுவேன். "அம்மா, அவங்க பொழப்பக் கெடுக்காத" என்று மகன் கோபித்துக்கொண்டான். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. மணலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடியே இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே, ஒருவழியாக ஓய்வு பிடித்துப்போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளம்புகிற அன்று காலையில்தான் விஷயம் பிடிபட்டது. பிள்ளைகள் கடைசியாக ஒருமுறை கடலில் இறங்கப் போயிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். நான் காபி எடுத்து வந்து அவருடைய இடது கைப் பக்கம் வைத்தேன்.

"காபி எங்க?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அந்த மாதிரி விளையாட்டெல்லாம் அவருக்கு வராது என்பது அப்புறம்தான் உறைத்தது. கோப்பையை நான் காட்டவில்லை. எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய், என் கையை அவருடைய இடது காதோரத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுபோனேன். கன்னத்தைத் தாண்டியது. கண்ணைத் தாண்டியது. மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் மனிதர் திடுக்கிட்டார்.

"என்ன பண்ற நீ, ஈ ஓட்டறியா?"

"ஆமா" என்றேன்.

ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. முந்தாநாள் இடது பக்கமாக வந்த சர்வர்மேல் மோதித் தட்டுகளைக் கீழே தள்ளிவிட்டு, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அவனையே திட்டினார். அறைக் கதவின் நிலையில் தோளை இடித்துக்கொண்டு, கதவைச் சின்னதாக வைத்திருக்கிறார்கள் என்றார். எல்லாவற்றுக்கும் மேல், வீட்டிலிருந்து வரும் வழியில் இடது பக்கம் வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரனை உரசப் பார்த்தோம். அவன் வண்டியை நிறுத்திக் காது கூசுகிற மாதிரி பேசினான். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனுக்கு மேல் பேசினேன். தப்பு எங்கள் பக்கம் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. இடது பக்கத்தை அவர் தவறவிடுவார் என்று எப்படித் தோன்றும்? பஸ்ஸில் ஜனங்கள் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஒருவர் நின்றால், கண்ணாடியிலேயே பார்த்து வண்டியைப் பிடித்து நிறுத்துகிற ஆள் அவர்.

அறைக்குப் போனதும் நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு இடது பக்கம் தெரியுதா?"

சட்டையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் கேக்கறேன்."

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். உனக்கு முட்டி வலிக்கல? நான் ஏதாவது கேட்டனா?"

"என் முட்டி வலிச்சா ரோட்டுல போறவன் சாக மாட்டான்."

அவர் சட்டையைப் பைக்குள் திணித்தார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மூடிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். "கார நான்தான் எடுப்பேன். பசங்ககிட்ட ஏதாவது உளறி வச்சே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

'இல்லை' என்று ஒரு வார்த்தை வரவில்லை. 'யாரு சொன்னா?' என்றுதான் வந்தது. அப்படியென்றால் எங்கேயோ, யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

படகுத்துறையில் கார் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பினால் முதலில் மலையை ஒட்டிய வளைவுகள். இடது பக்கம் பள்ளம். அதைத் தாண்டினால் சந்தைக் கடைத்தெரு. சைக்கிளும் கைவண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எந்தச் சந்திலிருந்து பாய்வார்கள் என்று சொல்ல முடியாது. அப்புறம் நெடுஞ்சாலை, அப்புறம் வீடு. மகனிடம் சொல்லலாம். அவன் நாலு பேருக்கு முன்னால் சாவியைப் பிடுங்குவான், இவர் அத்தோடு இடிந்து உட்கார்ந்துவிடுவார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. சொல்லாமல் விட்டால் போகிற உயிர் யாருடையது என்று தெரியாது.

படகில் என் வீட்டுக்காரர் முன்பக்கம் படகோட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எந்த வண்டியில் ஏறினாலும் அங்கேதான் போவார். மருமகள் அவரிடம் போய், "மாமா, திரும்பிப் போறப்ப பாதி வழி நான் ஓட்டறனே. நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று கேட்பது காதில் விழுந்தது.

"ரெஸ்ட் எடுக்கத்தான தீவுக்கு வந்தோம்? இன்னும் எவ்வளவு எடுக்கறது?"

"அதுக்கில்ல மாமா..."

"அந்த வளைவெல்லாம் உனக்குப் பழக்கம் இல்லம்மா. பெட்டி வண்டி வேற, ஆள் இருக்கற வண்டி வேற."

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் எட்டத்தில் நின்று செல்போனில் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஒரே ஒரு நாள் அப்பா சொல்லிக்கொடுத்தார். பாதி வழியில், "இறங்குடா, நடந்து வா" என்று இறக்கிவிட்டு வந்துவிட்டார். அதோடு சரி.

"அத்தை" என்றாள் மருமகள் மெதுவாக. "வரும்போது அந்த பைக்... மாமா அவனப் பாக்கவே இல்ல அத்தை."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து."

அவள் எட்டிப் படகின் முன்பக்கத்தைப் பார்த்தாள். "எனக்குத் தலை சுத்துது, வண்டியில ஏற மாட்டேன்னு சொல்லவா?"

"சொல்லு. உன்னக் கரையில விட்டுட்டு எங்க ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்குத் தெரியாதது வந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

எங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நானும் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். கல்யாணத்துக்கு முன்னாலும் அதே வண்டி, பின்னாலும் அதே வண்டி. நான் ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். இரண்டாவது விசில் காதில் விழாமல் அவர் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தியதில்லை. நேரமாகிவிட்டது என்று டெப்போவில் திட்டுவார்கள், பின்னால் நிற்கிற வண்டிகள் அலறும், மனிதர் அசைய மாட்டார். "முன்னாடி பாக்கறது என் வேலை. பின்னாடி பாக்கறது அவ வேலை. அவ வேலைய நான் பாக்க முடியாது" என்பார். எனக்கு டெப்போவில் 'விசிலம்மா' என்று பெயர். நான் வேலையை விட்ட பிறகும் எங்களுக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. கார் வாங்கியதும் விசிலுக்குப் பதிலாக என் வாயிலிருந்து 'போலாம்' வர வேண்டும் என்று ஆகிவிட்டது. நாங்கள் இருவர் மட்டும் போனாலும் நான் பின்சீட்டில்தான். எல்லோரும் ஏறி, கதவை மூடி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஏதாவது பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் இதை வைத்து எங்களைக் கேலி செய்யாத நாள் இல்லை.

படகு துறையில் ஒட்டியது. இறங்கும் பலகை இடது ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது. அவர் காலை அந்த ஓரத்தில் வைத்துச் சாய்ந்தார். கயிறு பிடித்திருந்த ஆள் சட்டென்று அவர் இடுப்பைப் பற்றி நிறுத்தினான். "பலகையப் போட்ருக்க லட்சணத்தப் பாரு" என்று அவனைத் திட்டினார். அவன் என்னைப் பார்த்தான். நான் கைகூப்பாத குறையாகத் தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

கார் நிறுத்துமிடத்தில் வண்டி தூசியாக நின்றது. அவர் துணியை எடுத்து முன்கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்தார். சக்கரங்களை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். மகன் பைகளை ஏற்றிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். நானும் மருமகளும் பின்னால். அவர் ஏறி, சீட்டைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, இன்ஜினைப் போட்டார். அப்புறம் காத்திருந்தார்.

நான் ஒன்றும் திட்டம் போடவில்லை. அந்த வார்த்தை வாய்வரை வந்தது. பழக்கம் அப்படி. வந்ததை அப்படியே பல்லுக்குள் கடித்துக்கொண்டேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, சொல்லும்மா" என்றான் மகன்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"கதவு மூடியிருக்கா?" என்றார் அவர்.

"மூடியிருக்கு."

"பை எல்லாம் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணும் இல்ல."

பின்னால் ஒரு சுற்றுலா வேன் எங்கள் இடத்துக்காக வந்து நின்று ஹார்ன் அடித்தது. மகன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன நடக்குது இங்க?" என்றான். மருமகள் அவன் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"நீ சொல்லாட்டி நான் எடுக்க மாட்டேனா?" என்றார். திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டார்.

"எடுங்க. உங்க காரு, உங்க காலு. நான் வேணாங்கல."

"வேணும்னும் சொல்ல மாட்டேங்கற."

"பின்னாடி பாக்கறது என் வேலைன்னு நீங்கதான சொல்வீங்க. எனக்கு வண்டி எடுக்கற நெலமையில இருக்கற மாதிரி தெரியல. அதனால சொல்லல."

அவர் கியரில் கை வைத்தார். நான் மருமகளின் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தேன் என்பது அவள் முகம் சுளித்தபோதுதான் தெரிந்தது. அவர் நினைத்தால் போயிருக்கலாம். என் வார்த்தை ஒன்றும் பூட்டு இல்லை. வேன்காரன் மறுபடியும் ஹார்னை அழுத்தி, கையை எடுக்காமலே பிடித்திருந்தான். அவர் கை கியரிலிருந்து மெதுவாக மேலே வந்தது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. கதவைத் திறந்து இறங்கி, கடலோரத் தடுப்புச் சுவர் பக்கம் போனார். போகும்போது இடது பக்கம் இருந்த கம்பத்தில் இடிக்காமல் இருக்கக் கையை நீட்டித் தடவிக்கொண்டே போனார். மகன் அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு இனிமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நான் பின்னாலேயே போனேன். சுவரில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நானும் நின்றேன்.

"டாக்டர்கிட்ட போனேன்" என்றார். "நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப. கண்ணுக்குள்ள அழுத்தமாம். இந்தப் பக்கம் போனது போனதுதானாம். மிச்சத்த மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாமாம். வண்டி மட்டும் கூடவே கூடாதுன்னுட்டாரு."

"மருந்து விடறீங்களா?"

"விடறேன். பாத்ரூம்ல வச்சு."

ஒரு சொட்டு மருந்துக்காக அந்த மனிதர் தினமும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தலையை அண்ணாந்துகொண்டு நின்றிருக்கிறார். வெளியே நான், "உள்ள தூங்கிட்டீங்களா?" என்று கதவைத் தட்டியிருக்கிறேன்.

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொல்லிட்டா அப்புறம் அது நெசமாயிடும்ல." மூக்கை உறிஞ்சினார். "காலையில எந்திரிச்சு கார் துடைப்பேன். அப்புறம் உன்ன மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். இனிமே எந்திரிச்சு என்ன பண்றதுன்னு நீயே சொல்லு."

நான் சுவரில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டேன்.

"தெரிஞ்சே எங்கள ஏத்திட்டு வந்தீங்களே" என்றேன். கோபப்பட வேண்டிய இடம். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

"தீவுக்குக் கிளம்பின அன்னைக்கு நம்ம வாசல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு ரொம்ப நேரம் இருந்தேனே, கவனிச்சியா?"

"இல்ல."

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். என் வீட்டுக்காரி, என் கண்டக்டரு, இவளுக்கா தெரியாம இருக்கும், கண்டிப்பா போலாம்னு சொல்ல மாட்டாள்னு நெனச்சேன். நீ சொல்லலன்னா சாவியத் தூக்கிப் போட்டுட்டு அப்பவே இறங்கியிருப்பேன். நீ பாட்டுக்குப் போலாம்னுட்ட."

அந்த நிமிஷம் நான் காணாமல்போன தண்ணீர் பாட்டில் மூடியைச் சீட்டுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன். குனிந்தபடியேதான் சொன்னேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வழி நெடுக அவர் எப்படிப் பயந்துகொண்டே ஓட்டியிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்தேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார், ஆறுதல் தேவைப்படுவது எனக்குத்தான் என்பது போல.

திரும்பி வந்தோம். மருமகள் காருக்கு வெளியே நின்றிருந்தாள். அவர் சாவியை அவளிடம் நீட்டினார். அவள் அவருடைய வலது பக்கமாக வந்து வாங்கிக்கொண்டாள். அவ்வளவு யோசிக்கத் தெரிந்த பிள்ளை.

"கிளட்ச் கொஞ்சம் மேலதான் பிடிக்கும்" என்றார்.

"சரி மாமா."

"வளைவுல ஹார்ன் அடி. எதிர்ல வர்றவன் அடிப்பான்னு இருக்காத."

"சரி மாமா."

"சீட்ட முன்னாடி இழுத்துக்க. உனக்குக் கால் எட்டாது."

"எட்டும் மாமா" என்றாள். ஆனாலும் இழுத்துக்கொண்டாள்.

அவர் பின்சீட்டில், அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அவருடைய இடது பக்கம். வேன்காரன் பொறுமை இழந்து கீழே இறங்கியே நின்றிருந்தான். மகன் அவனிடம் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து ஏறினான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். முன்னால் திரும்பிக்கொண்டான்.

மருமகள் இன்ஜினைப் போட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கண்ணாடிகளைப் பார்த்து, தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து, வண்டியை எடுத்துவிட்டாள். தனியாக வண்டி ஓட்டிப் பழகியவள். பின்னால் பார்ப்பதும் அவளேதான். யாரையும் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. வாயில் வந்த வார்த்தையை நான் விழுங்கிக்கொண்டேன். அவருக்கு வேலை போன அதே நேரத்தில் எனக்கும் போய்விட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வலிக்கத்தான் செய்தது.

"உன்னக் கேக்கவே இல்ல பாரு" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஆமா."

"நல்லாத்தான் எடுத்தா."

முதல் வளைவு வந்தது. அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. அடுத்த வளைவிலும் அழுத்தினார். மடியில் கிடந்த கைகள் எதையோ பிடிக்கத் தேடின. இத்தனை வருஷ வாழ்க்கையில் ஒரே வண்டியில் எத்தனையோ தூரம் போயிருக்கிறோம். அவர் முன்னால், நான் பின்னால். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனதே இல்லை. நான் என் கையை அவர் கையை நோக்கி நகர்த்தினேன். அது வருவது அவருக்குத் தெரியவில்லை. தொட்டதும் திடுக்கிட்டார். அப்புறம், யாருடையது என்று தெரிந்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.